தேவையா, ஆசையா

புதுவாயல்
16.06.2024

அன்புத் தங்கை கிறிஸ்டிக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான், உன் மாமா ஜோஷ்வா, நைனா, என் பாப்பா சுகிர்தா நான்கு பேரும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம். பாப்பாவுக்குப் போன வாரம் இரண்டு நாள் மூச்சு இழுத்தது, இப்போது இல்லை. உனக்கு மடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நவகன்னியர் இல்லத்தில் போன் கூடாது என்று தெரிந்தும் மூன்று தடவை உன் நம்பரை அழுத்திவிட்டேன். கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் அரை நாளில் வேப்பம்பட்டு வந்துவிடலாம். ஆனாலும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நைனா வேலை செய்கிற அதே இரும்பு உருக்கும் கம்பெனி. பயப்படாதே, உலைப் பக்கம் இல்லை. தொழிலாளர் குடும்பங்களுக்குப் பணத்தையும் உடம்பையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். 'என் நலம் என் கையில்' என்று பெயர். மேலாளர் வெங்கடேசன் சார், "பி.காம். படிச்ச பொண்ணு, நீங்க பேசினா கேப்பாங்க" என்றார். வீட்டுக்கு ஒரு செலவு நோட்டு கொடுக்க வேண்டும். தேதி, பொருள், தொகை. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு செலவும் தேவையா, ஆசையா என்று அவரவரே எழுத வேண்டும்.

முதல் நோட்டு நைனாவுக்குத்தான். ஷேர் ஆட்டோவுக்குத் தேவை, டீக்கு ஆசை என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவர், பாப்பாவுக்கு வாங்கிய பலூனில் நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா?"

"ஆசை நைனா."

"அவ அழுதப்ப நீ பாக்கல" என்று சொல்லிவிட்டுத் 'தேவை' என்றே எழுதினார்.

தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னதற்குத்தான் கோபம். "எங்க நடக்கறது, லாரிக்கு நடுவுலயா?" என்கிறார். ஆனால் ஷிப்டில் எல்லாரிடமும், எம் பொண்ணு ஆபீஸ்ல கீது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

உன் செபத்தில் எங்களை வைத்துக்கொள்.

அக்கா
ஜெபா

*

வேப்பம்பட்டு
07.07.2024

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும் நைனாவுக்கும் என் செல்லத்துக்கும்,

மாதா துணை. நான் சுகம். ஒரு சுற்று பருத்துவிட்டேன், நீ உன் நோட்டோடு இங்கே வராதே. கன்னியாஸ்திரியாகி ஏழ்மை வார்த்தைப்பாடு எடுக்கப் போகிற எங்களுக்கு எழுதச் செலவும் இல்லை, ஆசையும் இல்லை.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமை. ஒரு கேள்வி மட்டும். என் நலம் என் கையில் என்கிறார்கள், சரி. நைனா முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டுதானே உலை முன்னால் நிற்கிறார்? அந்த ஷெட்டில் புகை வெளியே போக ஒரு வழி செய்வது யார் கையில்? என்னை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று படியேறும்போது இருமினார். "தூசிம்மா" என்றார்.

அவர் மனசு வைத்தால் செய்வார் என்பது நமக்குத் தெரியும். 2012இல் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று பீடிக் கட்டைக் கோயில் வாசலிலேயே கொளுத்திப் போட்டாரே. அன்றோடு சரி, பன்னிரண்டு வருஷம். பட்டினியாகக்கூட இருந்திருக்கிறார், பீடியைத் தொடவில்லை. அவரைப் போய் நடக்கச் சொல்கிறாயா நீ?

மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எங்களுக்கு. பதில் போடு.

தங்கை
கிறிஸ்டினா

*

புதுவாயல்
18.08.2024

அன்புக் கிறிஸ்டி,

இயேசுவுக்குப் புகழ். எல்லாரும் ஒருவிதமாக இருக்கிறோம், உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் தாமதம், திட்டாதே. மாமா வேலை பார்த்த கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். இப்போது என் சம்பளம், நைனா சம்பளம் இரண்டுதான். பாப்பாவை டாக்டரிடம் காட்டுவதும் என் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் அட்டையில்தான்.

வெங்கடேசன் சார் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் உடல்நலப் படிவம் நிரப்பச் சொன்னார். சர்க்கரை, உப்பு, புகை, குடி, நடை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் நிரப்ப வேண்டும். அதற்குள் என் கணக்கில் பத்துப் பேராவது ஏதோ ஒரு கெட்ட பழக்கத்தை விட்டிருந்தால்தான் என் வேலை நிரந்தரம். படிவம் நிரப்பப் போன இடத்தில் இதை முத்தம்மா அக்காவிடம் சொன்னால், "உடறதுக்கு மொதல்ல ஒரு கெட்ட பழக்கம் வேணும்ல. அதையும் நீயே குடுத்துட்டுப் போ" என்கிறாள்.

கடைசியாக நைனாவின் படிவம். "புகைப் பழக்கம் உண்டா?" என்று படித்தேன்.

"உண்டும்மா. பதினோரு வருஷமா. டெய்லி பத்து மணி நேரம். கம்பெனியே ஓசில குடுக்குது" என்றார்.

மாமா தரையில் உருண்டு சிரித்தார். நைனாவும் சிரித்தார், சிரிப்பு இருமலாகிப் பாப்பா ஓடிப்போய் முதுகைத் தட்டினாள். படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

மாமாவுக்கு வேலை கிடைக்கச் செபி.

அக்கா
ஜெபா

*

வேப்பம்பட்டு
10.09.2024

அன்பு அக்கா,

மாதாவின் பிறந்தநாள் வாழ்த்து. இங்கே பாயசம் போட்டார்கள், நான் சுகம். மாமாவுக்காக ஒன்பது நாள் செபம் ஆரம்பித்திருக்கிறேன். பாப்பாவுக்குத் துளசித் தண்ணீர் கொடுக்கிறாயா?

எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் தருவார். நைனா சொன்னதைப் படித்து அவரே சிரித்துவிட்டாராம். இப்போது சமையல்கட்டில் விறகு புகைந்தால், "கம்பெனி ஓசில குடுக்குது" என்கிறார்கள் எல்லாரும்.

ஆமாம், அந்தக் கட்டத்தில் நீ என்ன எழுதினாய்? உலைப் புகைக்கு என்று தனியாக ஒரு கட்டம் இருந்ததா?

தங்கை
கிறிஸ்டினா

*

புதுவாயல்
24.11.2024

கிறிஸ்டிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நீ நலமா? இங்கே நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் நைனா உலை முன்னால் மயங்கி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, இனி அந்த வேலை கூடாது என்றார். இப்போது கட்டிலில் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்தபடியே தூங்குகிறார். கழிவறைக்குப் போய்வந்தால் பத்து நிமிஷம் மூச்சு வாங்குகிறது.

வேலையால் வந்த நோய் என்று முடிவானால் வைத்தியச் செலவும் மாதாமாதம் ஒரு தொகையும் கம்பெனி பொறுப்பு. இல்லை என்றால் எல்லாம் நம் பொறுப்பு. மனு கொடுத்திருக்கிறோம், விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். சம்பள முன்பணம் கேட்டு வெங்கடேசன் சாரிடம் போனேன். "ஆறு மாசச் சம்பளத்தை அவசர நிதியா எடுத்து வைக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களே ஜெபா, உங்க வீட்டுல வைக்கலையா?" என்றார். கிண்டலாகக்கூட இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பாப்பாவுக்கும் மறுபடி மூச்சு இழுப்பு. ஆவி பிடிக்கும் மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் மூச்சையும் எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன்.

ஜெபா

*

வேப்பம்பட்டு
08.12.2024

அன்பு அக்கா,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு அனுப்பச் சொல்லி மதரிடம் கேட்டேன். இந்த ஒரு வருஷப் பயிற்சியை இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதைச் சொல்லி நைனாவைக் கேட்கச் சொன்னார். நைனா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? அதனால் கேட்கவில்லை. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

விசாரணைக்குப் போகும்போது எக்ஸ்ரே, வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் எடுத்துக்கொள். அந்த உடல்நலப் படிவத்தையும் பார்த்துவை. போன கடிதத்திலேயே கேட்டேன். புகைக் கட்டத்தில் என்ன எழுதினாய்?

பாப்பாவுக்கும் நைனாவுக்கும் என் முத்தம்.

கிறிஸ்டினா

*

புதுவாயல்
26.01.2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து, பிந்திப்போனாலும். பாப்பாவுக்கு இப்போது நன்றாக இருக்கிறது. மெஷின் வந்ததிலிருந்து மூச்சு இழுப்பு குறைந்துவிட்டது. நீ அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

விசாரணை செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது. புகைப் பழக்கத்தால் வந்த நோய் என்று எழுதிவிட்டார்கள். ஏதோ பழைய காகிதத்தில் அப்படி இருந்ததாம். நைனாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் நாம் என்ன பேச முடியும்? ஆண்டவர் வேறு வழி காட்டுவார்.

ஆறு மாதம் ஆகும் முன்னே என் வேலை நிரந்தரமாகிவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

குளிருக்குக் காதில் துணி கட்டிக்கொள்.

ஜெபா

*

வேப்பம்பட்டு
16.02.2025

அக்கா,

இன்று பார்வையாளர் ஞாயிறு. நைனா வந்திருந்தார். சென்ட்ரலில் ரயில் மாறி, ஸ்டேஷனிலிருந்து நடந்து, வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். மாமா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாராம்.

பக்கத்தில் உட்கார்ந்ததுமே வாடை வந்தது.

"நைனா, பீடி புடிச்சியா?"

"ஒண்ணே ஒண்ணும்மா. ஸ்டேஷன்ல."

"ஏன்?"

"ஆபீசருங்க முன்னாடி புடிப்பேன்னு சொல்லிட்டேன். வெளிய வந்தா, கோயில் வாசல்ல வெச்சி சொன்னத மாத்திச் சொல்லிட்டமேன்னு ஒரே பேஜாரா பூட்ச்சி. சரி, புடிச்சிட்டா பொய்யில்லயேன்னு ஒரு கட்டு வாங்கினேன். இருமல்தான் வந்துச்சி. அப்புறம் உட முடியல."

அந்தப் படிவத்தை எழுதியது யார் என்று கேட்டேன். "எழுதினவங்க மேல தப்பு இல்லம்மா. பாவம், அது சின்னக் கொழந்த வெச்சிக்கினு கீது" என்றார். பெயரை மட்டும் சொல்லவே இல்லை.

நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் நீ பாப்பாவின் மூச்சு இழுப்பைப் பற்றி எழுதினாய். உனக்கு வேறு யார் மூச்சும் கேட்கவில்லையா? கோயில் வாசலில் அவர் பீடிக் கட்டைக் கொளுத்தியபோது தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவள் நீதான்.

ராத்திரி செபத்தில் வரிசையாகப் பெயர் சொல்வேன். இன்று உன் பெயர் வாயில் வரவில்லை.

கிறிஸ்டினா

*

புதுவாயல்
21.02.2025

கிறிஸ்டி,

உன் கடிதத்தில் வாழ்த்து இல்லை, அதனால் நானும் எழுதவில்லை. இதை மதர் படித்தாலும் படிக்கட்டும்.

அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியவள் நான். 'பதினோரு ஆண்டுகள்' என்றும் எழுதினேன். அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று தெரிந்தேதான் எழுதினேன். உலைப் புகைக்குக் கட்டம் இல்லை என்று உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கட்டம் இல்லை என்பதும் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. ஆறு மாதம் கழித்து 'புகைப் பழக்கத்தை விட்டவர்' என்று நைனாவைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே விட்டவர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பத்துப் பேரில் ஒருவர் சுலபமாக முடிந்துவிடும். முத்தம்மா அக்கா சொன்னதைத்தான் செய்திருக்கிறேன். கெட்ட பழக்கத்தை நானே கொடுத்தேன்.

விசாரணையில் அந்தப் படிவத்தை எடுத்து வைத்தவர் வெங்கடேசன் சார். குடும்ப நலத்துக்காக என்று சொல்லித்தானே என்னை வீடு வீடாக அனுப்பினார்? அது இப்படிக் கம்பெனிக் கோப்பில் போய் உட்காரும் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்க கையெழுத்துதானே ஜெபா? நேர்ல கேட்டுத்தானே எழுதினீங்க?" என்றார். வாயைத் திறந்தேன். என் வேலை, அட்டை, பாப்பாவின் மெஷின் எல்லாம் நினைவுக்கு வந்தன. அதற்குள் நைனா எழுந்துவிட்டார். "நான்தான் சார் சொன்னேன். பீடி புடிப்பேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றார். அந்தப் பொண்ணு என்றார், கிறிஸ்டி. யாரோ எவரோ போல. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அவருடைய செலவு நோட்டைத் தேடி எடுத்தேன். போன ஜூனிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். டீ, ஆட்டோ, காணிக்கை, மாத்திரை, பாப்பாவுக்கு பிஸ்கட். ஏழு மாதமாக ஒரு பீடிகூட இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பக்கத்தைப் புரட்டினேன். ஜனவரி 21, விசாரணை நடந்த அன்று, அதே கோணல் எழுத்தில், 'பீடி ஒரு கட்டு'. அதோடு மூடி வைத்துவிட்டேன்.

நான் சொல்லிக்கொடுத்தபடி உண்மையை எழுதிவைத்திருக்கிறார். மறு விசாரணை கேட்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கிழித்துவிட்டால் நோட்டு சுத்தம். பின் அடித்த நோட்டு, கிழித்தது தெரியாது. கிழிக்கட்டுமா?

உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இதற்கு மட்டும் பதில் சொல்.

ஜெபா

*

வேப்பம்பட்டு
02.03.2025

அக்கா,

கிழிக்காதே. ஏற்கெனவே ஒரு காகிதத்தில் அவரைத் திருத்தி எழுதிவிட்டாய்.

பதினோரு ஆண்டுகள் என்று எழுதினாயே, அதைக் காட்டு. பீடியை விட்டது 2012. உலையில் சேர்ந்தது 2013. அவர் எந்தப் புகையைச் சொன்னார் என்று கணக்குப் படித்தவர்களுக்குப் புரியும்.

புதுநன்மை அன்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். மதர் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. தன் பேனாவைக் கொடுத்து, தேதியையும் எழுதச் சொன்னார்.

நீ போய் நின்று பேச வேண்டியதை என் காகிதம் பேசாது.

கிறிஸ்டினா

*

புதுவாயல்
23.03.2025

அன்புத் தங்கை கிறிஸ்டிக்கு,

இயேசுவுக்குப் புகழ். நலம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடும் பழக்கத்தை விட்டுவிட்டேன், அதனால் ஒவ்வொருவராகச் சொல்கிறேன். பாப்பா ஓடுகிறாள். மாமா புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். நைனாவுக்கு ஆறு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பீடி ஒரு நாளைக்கு இரண்டு. குறைத்துக்கொண்டு வருகிறார், அதையும் எழுதுகிறார்.

மறு விசாரணைக்கு மனு கொடுத்த அன்றே வெங்கடேசன் சார் என் அடையாள அட்டையை வாங்கி மேசையில் போட்டார். "வீட்டு விஷயத்த வீட்டோட வெச்சிருக்கலாம்" என்றார். வேலை போனாலும் அதே ஊரில்தான் இருக்கிறேன். நாற்பத்து மூன்று வீட்டிலும் படிவம் இல்லாமல் போய், அன்றைக்கு நீங்கள் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். முத்தம்மா அக்கா திட்டிவிட்டு டீ கொடுத்தாள்.

மறு விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. என்ன முடிவு என்று சொல்ல ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். உன் காகிதத்தையும் கிழிக்காத நோட்டையும் வைத்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டர் அம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார். டீ, ஆசை. ஆட்டோ, தேவை. பலூன், தேவை. அந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஜனவரி வந்தது.

"இருபத்தொண்ணாம் தேதி. பீடி ஒரு கட்டு." விரலைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தி நிறுத்தினார். நான் அந்தக் கட்டத்தை அதுவரை பார்க்கவே இல்லை.

"தேவைன்னு எழுதியிருக்கீங்களே பெரியவரே. பீடி எப்படித் தேவையாகும்?"

நைனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். தோளில் கைவைத்து உட்கார வைத்துவிட்டு, இந்த முறை நான் எழுந்தேன்.

"நான் அவரோட பொண்ணுங்க" என்று ஆரம்பித்தேன்.

உன் அக்கா
ஜெபா